கையைக் கொத்திய மீன்

சென்னையில் எங்கள் வீட்டு முன்னறையில் நான்கடி நீளக் கடல்நீர்த் தொட்டி ஒன்று சில ஆண்டுகள் இருந்தது. நன்னீர் மீன்களை வளர்த்துப் பழகியவர்கள் ஒரு கட்டத்தில் கடல் மீன்களின் நிறத்துக்கு மயங்குவது வழக்கம். நானும் அவ்வாறே உப்புக் கலவை, உயிர்ப்பாறை, நீரின் கழிவை நுரையாக்கி அகற்றும் புரோட்டீன் ஸ்கிம்மர் என்று ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்து, பல மாதப் பொறுமைக்குப் பின் இரண்டு கோமாளி மீன்கள், மூன்று டாம்செல்கள், ஒரு புளூ டேங் என ஆறு மீன்களை அதில் நிலைபெறச் செய்தேன். ஒருநாள் புளூ டேங்கின் உடலில் உப்பைத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் தோன்றின. வழக்கமாகச் செல்லும் கடையில் போய்ச் சொன்னபோது, கடைக்காரர் ஒரு பாலித்தீன் பையைத் தூக்கிக் காட்டினார். அதற்குள் என் நடுவிரல் நீளத்தில், மூக்கில் தொடங்கி வால்வரை அகன்றுகொண்டே போகும் கருங்கோட்டுடன், வால்பக்கம் ஒளிரும் நீலத்துடன் ஒரு மெலிந்த மீன் ஓரிடத்தில் நிற்காமல் அலைந்துகொண்டிருந்தது. "கிளீனர் ராஸ் சார். இதைப் போட்டீங்கன்னா மத்த மீனு மேல இருக்குற புள்ளியெல்லாம் தின்னுடும், மருந்தே வேணாம்" என்றார். நான் நம்பி வாங்கி வந்தேன்.

தொட்டியில் விட்ட பத்தாவது நிமிடமே அது வேலையைத் தொடங்கிவிட்டது. புளூ டேங்கின் விலாவையும் துடுப்புகளையும் செவுள் மூடிகளையும் ஒன்று விடாமல் பார்த்தது, அங்கங்கே கொத்தியது, பிறகு கோமாளி மீன்களிடம் போனது. சில நாள்களில் தொட்டியைத் துடைக்க நான் கையை நீருக்குள் விட்டால் என் விரல்களிடமும் வந்தது. நக இடுக்கையும் மணிக்கட்டின் மயிரையும் மெல்லக் கொத்திப் பார்த்தது. வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் அழைத்து அதை நான் காட்டியிருக்கிறேன். மீன் என்னிடம் பழகிவிட்டதென்றே அப்போது நினைத்தேன். நான் போட்ட தீவனச் சில்லுகளை அது முகர்ந்துவிட்டு விலகியது. உறைந்த இறாலைத் துருவிப் போட்டபோது ஓரிரு துணுக்குகளைத் தின்றது. மூன்றாவது வாரத்தில் அதன் வயிறு உள்வாங்கி, தலை உடலைவிடப் பெரிதாகத் தெரியத் தொடங்கியது. இருபத்து மூன்றாம் நாள் காலை, பாறையின் பின்புறத்தில் இறந்து கிடந்தது. புளூ டேங்கின் வெள்ளைப் புள்ளிகளோ அப்படியே இருந்தன. அந்த மீனை மருந்தும் தனித்தொட்டியும்தான் பிழைக்க வைத்தன.

இறந்துபோன அந்தக் கிளீனர் ராஸின் அறிவியற்பெயர் லேப்ராய்டிஸ் டிமிடியேட்டஸ். பிரெஞ்சு விலங்கியலாளர் அஷீல் வாலன்சியென் 1839-இல் அதற்கு வைத்த பெயரின் பிற்பகுதிக்கு இரண்டாகப் பகுக்கப்பட்டது என்று பொருள். உடலை மேலும் கீழுமாகப் பிரிக்கும் அந்தக் கருங்கோட்டைப் பார்த்தவர்களுக்குப் பெயர் பொருத்தமாகவே தோன்றும். ராஸ் என்னும் பெரிய மீன்குடும்பத்தைச் சேர்ந்த இது, செங்கடலிலிருந்தும் கிழக்காப்பிரிக்கக் கரையிலிருந்தும் தொடங்கி, நம் மன்னார் வளைகுடா, இலங்கை, ஆஸ்திரேலியா வழியாகப் பசிபிக்கின் நடுத்தீவுகள் வரை பவளப்பாறை உள்ள வெதுவெதுப்பான கடல்களில் வாழ்கிறது. வளர்ந்தாலும் பதினான்கு சென்டிமீட்டரைத் தாண்டுவதில்லை. இந்தப் பதிவில் அதைத் துப்புரவு மீன் என்றே அழைக்கிறேன். அதன் வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு தொழிலில் அடங்கியிருப்பதால் வேறு பெயர் எனக்குத் தோன்றவில்லை.

அதை அதன் சொந்த இடத்தில் பார்த்தது பல ஆண்டுகள் கழித்துத் திருகோணமலையில்தான். நிலாவெளிக் கடற்கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் புறாத்தீவு, 2003-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம். கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும் ஜூலை மாதம். படகில் அழைத்துச் சென்ற பெரியவர், நான் முகமூடியும் குழாயும் அணிந்துகொண்டிருக்கும்போதே, "தம்பி, எக்காரணம் கொண்டும் முருகைக்கல்லில காலை வைக்காதேங்கோ, அது உயிருள்ள சாமான்" என்று இரண்டு முறை சொன்னார். பவளப்பாறையை ஈழத்தில் முருகைக்கல் என்பார்கள். அந்தச் சொல்லை முதன்முதலாக அவரிடம்தான் காதால் கேட்டேன்.

தீவின் கடற்புறத்தில், ஆளுயர ஆழத்தில், மேசைபோல் விரிந்த ஒரு பவளத்தின் ஓரத்தில் நான்கைந்து ஓரா மீன்கள் அசையாமல் நின்றன. மீன்கள் அப்படி நிற்பதில்லை என்பதால்தான் என் கண் அங்கே போனது. ஒன்று தலையை மேலே தூக்கி ஏறக்குறைய செங்குத்தாக மிதந்தது; இன்னொன்று வாயையும் செவுளையும் அகலத் திறந்து வைத்திருந்தது. அவற்றின் நடுவே, என் தொட்டியில் இறந்ததைப் போன்ற கருங்கோட்டு மீன்கள் இரண்டு, வாலை மேலும் கீழும் ஆட்டி அலைபோல் நீந்திக்கொண்டு, ஒவ்வொரு உடலாகப் பார்த்துக்கொண்டிருந்தன. சிறிது நேரத்தில் ஓராக்கள் சற்று விலகின. என் முழங்கை நீளமுள்ள ஒரு களவாய் மெதுவாக வந்து பவளத்தின்மேல் நின்று வாயைத் திறந்தது. அந்த வாய்க்குள் துப்புரவு மீன் தயங்காமல் நுழைந்து, செவுள் வழியாக வெளியே வந்தது. சிறு மீன்களைத் தின்று வாழும் களவாய் அது. அப்போது எனக்கு மூச்சுவிடவும் மறந்துபோனது.

இவ்வாறான இடங்களைத் துப்புரவு நிலையம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். நிலையம் என்பது வெறும் உவமைச் சொல்லும் அன்று. துப்புரவு மீன் தன் இடத்தை விட்டு அதிக தூரம் போவதில்லை, மற்ற மீன்கள்தாம் அதைத் தேடி வருகின்றன, கூட்டமிருந்தால் காத்திருக்கவும் செய்கின்றன. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் உள்ள லிசர்ட் தீவில் அலெக்ஸாண்ட்ரா குரட்டர் 1990-களில் செய்த ஆய்வின்படி, ஒரு துப்புரவு மீன் ஒரு நாளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட முறை வாடிக்கை மீன்களைப் பரிசோதிக்கிறது. சுமார் 1,200 ஒட்டுண்ணிகளைத் தின்கிறது. அவற்றில் பெரும்பாலானவை நேத்தியிட் எனப்படும் ஓட்டுடலிகளின் இளம் பருவங்கள். சில மில்லிமீட்டர் நீளமே உள்ள இவை மீனின் உடலில் ஒட்டி இரத்தம் குடித்துவிட்டு மீண்டும் பாறைக்குள் போய் ஒளிந்துகொள்கின்றன. நிலத்தில் உண்ணி எப்படியோ அப்படி. என் தொட்டியில் வந்த வெள்ளைப் புள்ளியோ வேறு வகை உயிரி. கிரிப்டோகாரியான் என்னும் அந்த ஒற்றைச் செல் ஒட்டுண்ணி மீனின் மேல்தோலுக்கு அடியில் புகுந்துகொள்வதால் துப்புரவு மீனின் வாய்க்கு எட்டுவதில்லை. ஆக, ஆறு மீன்கள் மட்டுமே உள்ள ஒரு கண்ணாடிப் பெட்டியில், ஒரு நாளைக்கு ஆயிரம் உண்ணிகள் தேவைப்படும் ஓர் உயிரை, அதனால் தீர்க்க முடியாத ஒரு நோய்க்காக நான் விட்டிருக்கிறேன். இந்தக் கணக்கு எனக்குப் புரிந்த அன்று இரவு சரியாகத் தூக்கம் வரவில்லை.

துப்புரவு மீனைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் கதை, அது பிற மீன்களுக்கு நன்மை செய்யும் சாதுவான மருத்துவர் என்பது. உண்மை அதைவிட ஆழமானது என்பதே என் கருத்து. குரட்டரும் ரெடுவான் பஷாரியும் 2003-இல் சோதனைகள் மூலம் காட்டியபடி, இந்த மீனுக்கு ஒட்டுண்ணியைவிட அதிகம் பிடித்தது வாடிக்கை மீனின் உடலைப் போர்த்தியிருக்கும் சளிப்படலம். அந்தச் சளி மீனுக்கு வேண்டிய காப்பு. அதைக் கடித்துத் தின்றால் வாடிக்கை மீன் சட்டென்று உடலைச் சிலிர்த்துக்கொள்ளும். நீருக்கடியில் பொறுமையாகப் பார்த்தால் அந்தச் சிலிர்ப்பை நம் கண்ணாலேயே எண்ணலாம். புறாத்தீவில் நான் எண்ணியிருக்கிறேன். எனவே ஒவ்வொரு கடியிலும் அந்தச் சிறு மீனின் முன் ஒரு கேள்வி நிற்கிறது: பிடித்ததைத் தின்று வாடிக்கையை இழப்பதா, பிடிக்காததைத் தின்று வாடிக்கையைக் காப்பதா?

எகிப்தின் ராஸ் முகம்மது தேசியப் பூங்காவில் செங்கடல் மீன்களைப் பல ஆண்டுகள் கவனித்த பஷாரி, இதை ஒரு சந்தையாகவே கண்டார். ஊரில் ஒரே ஒரு மளிகைக்கடை இருந்தால் அவ்வூர்க்காரர் கடைக்காரரின் போக்கைப் பொறுத்துக்கொண்டுதான் ஆகவேண்டும். ஆனால் பேருந்துநிலையத்தை ஒட்டி நான்கு கடைகள் இருந்தால் பயணி அடுத்த கடைக்குப் போய்விடுவார். பவளப்பாறையிலும் அதே நிலை. சிறு எல்லைக்குள் வாழும் மீன்களுக்கு அருகிலிருக்கும் ஒரு நிலையம்தான் கதி. பரந்து திரியும் மீன்களோ பல நிலையங்களுக்குப் போக வல்லவை. கடி வாங்கினாலோ காக்க வைக்கப்பட்டாலோ அவை அடுத்த முறை வேறிடம் போய்விடுகின்றன. துப்புரவு மீன் இந்த வேறுபாட்டை அறிந்து, இருவரும் ஒரே நேரத்தில் வந்தால் வேறிடம் போகக்கூடியவரை முதலில் கவனிக்கிறது. போக்கிடமற்ற மீன்களும் வாளாவிருப்பதில்லை. கடித்த துப்புரவு மீனை அவை விரட்டித் துரத்துகின்றன, துரத்தப்பட்ட மீன் அடுத்த சந்திப்பில் திருந்தி நடக்கிறது. களவாய் போன்ற வேட்டை மீன்களிடம் அது ஏமாற்று வேலையை மிக அரிதாகவே காட்டுகிறது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. இவை எல்லாவற்றையும்விட எனக்கு வியப்பூட்டியது 2006-இல் வெளிவந்த ஒரு முடிவு: காத்திருக்கும் மீன்கள், முன்னால் நிற்கும் மீனிடம் துப்புரவு மீன் எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பார்த்து, நேர்மையாக நடப்பதிடமே நெருங்குகின்றன, பிறர் பார்க்கிறார்கள் என்றால் துப்புரவு மீனும் ஒழுங்காக நடந்துகொள்கிறது.

சினமுற்ற வாடிக்கையைச் சமாதானப்படுத்தும் முறையும் அதற்குத் தெரியும். முதுகின்மேல் ஏறி நின்று, மார்புத் துடுப்புகளாலும் வயிற்றுத் துடுப்புகளாலும் மெல்லத் தடவிக்கொடுக்கும். அந்த நேரத்தில் அது எதையும் தின்பதில்லை. இவ்வாறு தடவப்படும் மீன்களின் உடலில் மனஅழுத்தத்தைக் காட்டும் கார்ட்டிசால் குறைவதை 2011-இல் அளந்தே காட்டியிருக்கிறார்கள்.

அதன் குடும்ப வாழ்க்கையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஓர் ஆணும், பெரும்பாலும் மூன்று முதல் ஆறு பெண்களும் கொண்டது ஒரு குழு. எல்லாம் பெண்ணாகவே வாழ்வைத் தொடங்குகின்றன. 1972-இல் டி. ஆர். ராபர்ட்சன் பெருந்தடுப்புப் பவளத்திட்டின் ஹெரான் தீவில் கண்டறிந்தபடி, ஆண் இறந்துபோனால் பெண்களில் மூத்தது இரண்டு மணி நேரத்துக்குள் ஆணைப்போல் நடக்கத் தொடங்குகிறது. பதினான்கு முதல் பதினெட்டு நாள்களுக்குள் விந்தணுவையே உண்டாக்குகிறது. ஆணும் பெண்ணும் சேர்ந்து ஒரு வாடிக்கையைக் கவனிக்கும்போது பெண் சளியைக் கடித்துவிட்டு வாடிக்கை ஓடிப்போனால், ஆண் அந்தப் பெண்ணைத் துரத்தித் தண்டிக்கிறது என்பதும் ஆய்வில் தெரியவந்தது. கடைசியாக வேலை முடிந்து இரவில் பாறையிடுக்கில் ஒதுங்கும்போது, தன் உடலிலிருந்தே சுரந்த சளியுறை ஒன்றுக்குள் அது உறங்குகிறது.

இத்தகைய தொழில் கூர்மையான மூளையைக் கேட்கும் என்று நான் நம்புகிறேன். வந்தவர் யார், போக்கிடம் உள்ளவரா, சென்ற முறை கடித்தோமா, யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நாளொன்றுக்கு ஈராயிரம் முறை முடிவெடுக்கும் உயிர் அது. 2012-இல் ஒரு சோதனையில் இரண்டு தட்டுகளில் ஒரே உணவை வைத்தார்கள். ஒரு தட்டு எப்போதும் அங்கேயே இருக்கும். மற்றது முதலில் தொடப்படாவிட்டால் எடுக்கப்பட்டுவிடும். எடுக்கப்படும் தட்டில் முதலில் தின்றால் இரண்டும் கிடைக்கும். வளர்ந்த துப்புரவு மீன்கள் இதை விரைவில் கற்றுக்கொண்டன. அதே சோதனையில் சிம்பன்சிகளும் ஒராங்குட்டான்களும் கபுச்சின் குரங்குகளும் தடுமாறின. காரணம் எளிது: ஓடிவிடக்கூடிய தட்டு, வேறிடம் போகக்கூடிய வாடிக்கையைப் போன்றது. மீன் ஏற்கெனவே அறிந்த பாடம் அது.

அதன் பிறகு வந்தது கண்ணாடிச் சோதனை. 1970-இல் கார்டன் கேலப் சிம்பன்சிகளிடம் முதன்முதலில் செய்த அந்தச் சோதனையில், விலங்கின் உடலில் அதற்கு நேரே தெரியாத இடத்தில் ஓர் அடையாளம் இட்டு, கண்ணாடியைப் பார்த்து அது தன் உடலிலேயே அந்த இடத்தைத் தொடுகிறதா என்று கவனிப்பார்கள். ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தில் மசனோரி கோடாவும் அவருடைய குழுவினரும் இதைத் துப்புரவு மீனிடம் செய்து 2019-இல் வெளியிட்டார்கள். முதல் நாள்களில் மீன்கள் கண்ணாடியில் தெரிந்ததை எதிரியெனக் கருதித் தாக்கின. பிறகு கண்ணாடியின் முன் தலைகீழாக நீந்துவது போன்ற வழக்கமில்லாத அசைவுகளைச் செய்து பார்த்தன. அதற்கும் பின் அமைதியாகப் பார்க்கத் தொடங்கின. அந்நிலையில் அவற்றின் தொண்டையில் ஒட்டுண்ணியைப் போன்ற பழுப்பு நிறப் புள்ளியை இட்டபோது, நான்கு மீன்களில் மூன்று, கண்ணாடியைப் பார்த்துவிட்டுத் தொட்டியின் தரையில் தொண்டையைத் தேய்த்தன. நிறமில்லாத புள்ளிக்கும், கண்ணாடி இல்லாதபோதும் அவ்வாறு தேய்க்கவில்லை. கேலப் உள்ளிட்ட பலர் இதை ஏற்கத் தயங்கினார்கள். கோடா குழுவினர் மீண்டும் செய்து 2022-இல் வெளியிட்ட முடிவில், புதிய பதினான்கு மீன்களும் தேய்த்தன; முந்தைய நான்கையும் சேர்த்தால் பதினெட்டில் பதினேழு. நீலம், பச்சைப் புள்ளிகளுக்கு அவை அசையவில்லை. எனக்கு இந்தக் கடைசி விவரமே முக்கியமாகப் படுகிறது. பிற உடல்களில் உண்ணியைத் தேடுவதையே வாழ்வாகக் கொண்ட கண்ணுக்கு, உண்ணி நிறத்துப் புள்ளிதான் பொருளுள்ளது. ஒரு விலங்கின் அறிவை அளக்க விரும்புவோர் முதலில் அந்த விலங்கின் தொழிலை அறிந்துகொள்ளவேண்டும் என்று இந்தச் சோதனையை அமைத்தவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

இந்தச் சிறு மீனை ஒரு பாறையிலிருந்து எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் லிசர்ட் தீவில் பார்த்திருக்கிறார்கள். சிறு பவளத்திட்டுகள் சிலவற்றிலிருந்து எட்டரை ஆண்டுகள் தொடர்ந்து துப்புரவு மீன்களை அகற்றிவந்தார்கள். மற்ற திட்டுகளை அப்படியே விட்டார்கள். 2011-இல் வெளியான கணக்கின்படி, அகற்றிய திட்டுகளில் நிலையாக வாழும் மீன்களின் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது; மீன்வகைகளும் குறைந்தன; வந்து போகும் மீன்களும் அங்கே வருவதைக் குறைத்துக்கொண்டன. ஒரு கிராமத்தின் ஒரே மருத்துவர் ஊரைவிட்டுப் போனால் மெல்ல மெல்ல ஊரே கலைவதைப் போன்றது அது. புயலும் வெப்பமும் இதையே செய்கின்றன. 2014, 2015 ஆண்டுகளின் புயல்களும் 2016-இன் பவள வெளிறலும் அடுத்தடுத்துத் தாக்கியபின், லிசர்ட் தீவைச் சுற்றித் துப்புரவு மீன்களின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. அதே 2016-இல்தான் நம் மன்னார் வளைகுடாவின் இருபத்தொரு தீவுகளைச் சுற்றியிருக்கும் பவளங்களும் வெளிறின.

வளர்ப்புத் தொட்டிகளுக்காக இந்த மீனைக் கடலிலிருந்து பிடிப்பது இன்றும் நடக்கிறது. தொட்டி வைத்திருக்கும் நண்பர்கள் என்னிடம் கேட்கும்போது நான் சொல்வது ஒன்றுதான்: வாங்காதீர்கள், உங்கள் மீன்களுக்கு வெள்ளைப் புள்ளி வந்தால் தனித்தொட்டியில் வைத்து முறையாக மருந்து கொடுங்கள். உறைந்த உணவைத் தின்னப் பழகி ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த துப்புரவு மீன்களைப் பற்றியும் எனக்குத் தெரியும். ஆனால் அவற்றோடு கடைத்தொட்டியில் காத்திருந்த மற்றவை என்னவாயின என்பதையும் கேட்டுக்கொள்ளவேண்டும். பாறையில் அது விட்டுவந்த இடம் வேறு கணக்கு.

புறாத்தீவில் இரண்டாம் நாளும் அதே மேசைப் பவளத்துக்குப் போனேன். பெரியவர் படகைச் சற்று எட்டவே நிறுத்தியிருந்தார். முந்தைய நாள் கண்ட இரண்டும் அங்கேயே இருந்தன. கூடவே, கருமையான உடலில் மின்னும் நீலக் கோடு ஒன்றுடன் ஒரு குஞ்சும், சற்றுத் தள்ளி ஒரு சின்னஞ்சிறு நவரையைக் கவனித்துக்கொண்டிருந்தது. நான் மூச்சை அடக்கிக் கீழே இறங்கி, எதையும் தொடாமல் கையை மட்டும் நீட்டினேன். பெரியது வந்தது. வாலை ஆட்டி, விரல்நுனியிலிருந்து மணிக்கட்டு வரை பார்த்து, நக இடுக்கில் ஒருமுறை கொத்தியது. சென்னையில் என் தொட்டியில் கொத்திய அதே இடம். அங்கே அதற்கு உரியது எதுவும் இல்லை. பின்னால் ஒரு கிளிமீன் வாயைத் திறந்து காத்திருந்தது. அது திரும்பி அதனிடம் போய்விட்டது.